செயலி: நான்கு கருவா, ஆறு கருவா?

சங்க அலுவலகத்திற்குக் கணிப்பொறி வாங்க முற்படும் நிர்வாகிகள், விலை கூடியதே விரைவில் சிறந்தது என்று எண்ணிவிடுகின்றனர். 2022 ஜனவரியில் இன்டெல் கம்பெனி வெளியிட்ட இரு செயலிகளை ஒப்பு நோக்குவோம். கோர் ஐ3-12100இல் கணக்கிடும் கருக்கள் நான்கு. உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். கோர் ஐ5-12400இல் கருக்கள் ஆறு. உச்ச வேகம் 4.4. கருவின் அமைப்போ இரண்டிலும் ஒன்றே.

ஒரு தறிக்கே பாவு உள்ள கூடத்தில் நான்கு தறி இருந்தாலென்ன, ஆறு இருந்தாலென்ன? பேரேடும் ரசீதும் பெரும்பாலும் ஒரு கருவிலேயே முடியும் வேலைகள். வீடியோ தொகுப்பது போன்ற பெருவேலைகளுக்கே ஆறு கருக்கள் கைகொடுக்கும்.

ஆதலின் ஐ3 வாங்கி, மிச்சத்தை எஸ்.எஸ்.டி.க்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் செலவிடுவதே நலம். பணம் அங்கத்தினருடையது, பொதுக்குழுவில் கணக்குக் கேட்பது அவர்தம் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.