உங்கள் ஃபைலை யார் யார் பார்க்கலாம்?

மகளை மனநல டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறீர்கள். வீட்டுக்குள் நுழைவதற்குள் சம்பந்தியம்மாவிடமிருந்து போன்... "என்னங்க, பொண்ணுக்கு என்னவாம்?"

எப்படித் தெரிந்தது? அந்த ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரில் அவர்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன். கம்ப்யூட்டரில் பேரைத் தட்டினான். அவ்வளவுதான்!

பையன் செய்தது தப்புதான். ஆனால், எல்லா ஃபைலும் எல்லோருக்கும் திறக்கிற மாதிரி வைத்தது யார் தப்பு?

"பாஸ்வேர்டு இருக்கே" என்பார்கள். அது வாசல் கதவுப் பூட்டு. பீரோவுக்குத் தனிச் சாவி வேண்டாமா? டாக்டரே ஆனாலும், அவர் பார்க்கிற நோயாளியின் ஃபைல் மட்டும்தான் அவருக்குத் திறக்க வேண்டும். பில் போடுகிறவருக்குத் தொகை போதும்; டாக்டரின் குறிப்பு எதற்கு? நள்ளிரவில் மயங்கிய நிலையில் ஒருவர் வந்தால் பூட்டு குறுக்கே நிற்கக்கூடாது. டியூட்டி டாக்டர் காரணத்தை எழுதிவிட்டுத் திறக்கட்டும். யார், எப்போது திறந்தார் என்பது தானாகப் பதிவாகட்டும். வேலையை விட்டுப் போனவரின் சாவி அன்றைக்கே செல்லாததாகட்டும்.

2017-ல் வந்த மனநலச் சட்டமும், எச்.ஐ.வி. சட்டமும் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும்!

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தால் டாக்டரிடமே மறைப்போம். மறைத்தால் வைத்தியம் தப்பாகும்.

அதனால், அடுத்த முறை கூச்சப்படாமல் கேளுங்கள்: "என் ஃபைலை யார் யார் பார்க்கலாம்?" பதில் வராவிட்டால், நிர்வாகத்துக்கு எழுதியே கொடுங்கள். உடம்பு உங்களுடையது, ரகசியமும்தான்!