லம்போர்கினி கூன்டாஷுக்கு 50 வயது: இந்தியாவுக்குக் கொண்டு வரலாமா? ஓட்டலாமா?

50 வயதைத் தாண்டிய கார்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு 2025-ல் அனுமதி அளித்தது. அதுவரை 1950-க்கு முந்தைய கார்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. இந்த 50 வருடக் கணக்கு ஆண்டுதோறும் நகரும். அதனால் 1974-ல் உற்பத்திக்கு வந்த இத்தாலியின் லம்போர்கினி கூன்டாஷும் இப்போது வரம்புக்குள் வந்துவிட்டது.

டிராக்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குடவாசல் பக்கம் சேற்று வயலில் இறங்கும் டிராக்டருக்கும் இந்தக் காருக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஃபெருச்சியோ லம்போர்கினி 1948-ல் ஆரம்பித்தது டிராக்டர் கம்பெனிதான். கார் கம்பெனி வந்தது 1963-ல். டிராக்டர் தொழில் 1973-ல் 'சேம்' நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்தக் குழுமம்தான் பின்னாளில் நம்ம ராணிப்பேட்டையில் டிராக்டர் ஆலை அமைத்தது.

இன்ஜினில் என்ன விசேஷம்?

டிராக்டரில் இன்ஜின் முன்னால், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், கடைசியில் பின்சக்கரம். கூன்டாஷில் இது தலைகீழ். 12 சிலிண்டர் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் இருக்கும். கியர்பாக்ஸ் அதற்கும் முன்னால், இரண்டு சீட்டுக்கும் நடுவே. அங்கிருந்து ஒரு ஷாஃப்ட், இன்ஜினின் ஆயில் சம்ப் வழியாகவே பின்சக்கரத்துக்குத் திரும்பிப் போகும். இன்ஜினியர் பாவ்லோ ஸ்டான்சானி இப்படி அமைத்ததால் எடை நடுவில் விழுந்தது. கியர் மாற்றுவதும் நேரடியானது.

எப்படி வளர்ந்தது?

• 1974, எல்பி400: 3.9 லிட்டர், 375 குதிரைத்திறன். தயாரானவை சுமார் 150 மட்டுமே.
• 1982, எல்பி500எஸ்: இன்ஜின் 4.75 லிட்டரானது.
• 1985, குவாட்ரோவால்வோலே: 5.2 லிட்டர், சிலிண்டருக்கு 4 வால்வு, 455 குதிரைத்திறன். கார்புரேட்டர்கள் இன்ஜினின் மேலே ஏறியதால் பின்பக்கப் பார்வை மறைந்தது.
• 1990: உற்பத்தி நின்றது.

அப்போ எதைக் கொண்டு வரலாம்?

இப்போதைக்கு ஆரம்பகால எல்பி400-ஐ மட்டும்தான். 1985 மாடலுக்கு 2035 வரை காத்திருக்கணும்.

வந்த பிறகு ஓட்டலாமா?

தினசரி ஓட்ட முடியாது. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி பதிவுக் கட்டணம் ரூ.20,000; பதிவு எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இருக்கும். கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம்.

முக்கியமான நிபந்தனை இன்னொன்று: சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழைய எல்பி400-ல் பின்னாளைய 5.2 லிட்டர் இன்ஜினைப் பொருத்தினால் வேகம் கூடலாம். விண்டேஜ் தகுதி போய்விடும். சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பதும் வேகத்துக்கு அல்ல, அசல் இன்ஜினுக்குத்தான். வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயிண்ட்டை அல்ல, இன்ஜின் நம்பரை.