கொத்தனார் மகனும் கணித யந்திரமும்

சென்னையிலிருந்து போத்தனூருக்குச் செல்லும் ரயில் பாதை நமது தருமபுரி ஜில்லாவில் மொரப்பூரைக் கடந்து செல்கிறது. முற்காலத்தில் இப்பாதையை நடத்திய மதராஸ் ரயில்வேயில் பிரதம இஞ்சினீயராக உயர்ந்த எட்வர்டு ஸ்டோனி என்பாரின் புதல்வி, 1881-ம் வருஷம் போத்தனூரில் பிறந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க உழைத்த கணித மேதை ஆலன் டூரிங், அவ்வம்மையாரின் குமாரரே. இதை நம்மவர் பெருமையுடன் சொல்லிக் கொள்வதுண்டு. டூரிங்கோ 1912-ல் லண்டனில் பிறந்து இங்கிலாந்திலேயே வளர்ந்தவர். அவருடைய கணிதத்தில் போத்தனூர் மண்ணுக்கு என்ன பங்கு உண்டென்பது நமக்கு விளங்கவில்லை.

இந்த வீண் பெருமையில், நமது ஜில்லா வாலிபர்கள் அவசியம் அறிய வேண்டிய இருவர் மறைந்து போகின்றனர். எனிக்மாவை உடைக்கவே கொலோஸஸ் என்னும் மின்சாரக் கணித யந்திரம் செய்யப்பட்டதென்றும், அதைச் செய்தவர் டூரிங் என்றும் பலர் எழுதி வருகின்றனர். இரண்டும் தவறு. ஹிட்லரின் உயர்தரத் தளபதிகள் லோரென்ஸ் என்ற வேறொரு யந்திரத்தைக் கையாண்டனர். அது பன்னிரண்டு சக்கரங்களைச் சுழற்றி, செய்தியின் ஒவ்வோர் எழுத்துடனும் மறைப்பெழுத்து ஒன்றைக் கூட்டி அனுப்பும். 1941 ஆகஸ்டில் ஒரு ஜெர்மானியச் சிப்பாய், சக்கரங்களை மாற்றியமைக்காமல் ஒரே நீண்ட செய்தியை இருமுறை அனுப்பிவிட்டான். அந்தப் பிழையைப் பற்றிக்கொண்டு, கண்ணால் ஒருபோதும் கண்டிராத அந்த யந்திரத்தின் அமைப்பு முழுவதையும் பில் டட் என்ற இளைஞர் காகிதமும் பென்ஸிலும் கொண்டே ஊகித்தறிந்தார். அவர் ஒரு தோட்டக்காரரின் மகன்.

அமைப்புத் தெரிந்தாலும், சக்கரங்கள் அன்றன்று எந்நிலையில் வைக்கப்பட்டன என்பதைக் கையால் கணக்கிட்டு முடிக்கையில் செய்தி பழசாகிவிடும். இங்கேதான் லண்டன் தபால் இலாகாவின் டெலிபோன் இஞ்சினீயர் டாமி பிளவர்ஸ் வருகிறார். இவர் கொத்தனார் ஒருவரின் மகன். பகலில் தொழில் பழகி, மாலை வகுப்புகளில் படித்து முன்னேறியவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்வுகளை ஒரே யந்திரத்தில் இணைத்தால் அடிக்கடி பழுதாகுமென்று படித்தோர் பலர் தலையசைத்தனர். அணைக்காமல் எரியவிட்டால் வால்வுகள் நெடுநாள் உழைக்கும் என்பதை டெலிபோன் வேலையில் கண்டிருந்த பிளவர்ஸ் அஞ்சவில்லை. தம் கைப்பணத்தையும் செலவிட்டு ஓராண்டுக்குள் யந்திரத்தை முடித்தார். 1944 பிப்ரவரியில் அது பிளெட்ச்லி பார்க்கில் வேலை தொடங்கியது. காகித நாடாவிலிருந்து விநாடிக்கு 5,000 எழுத்துக்களைப் படித்தது. யுத்த முடிவில் இவை பத்து இருந்தன. பின்னர் பெரும்பாலானவை பிரித்தெறியப்பட்டன. 1970-க்குப் பிறகே உலகம் இவற்றை அறிந்தது. இடையில், இத்தகைய யந்திரம் ஒன்று கட்டுவதற்குக் கடன் கேட்ட பிளவர்ஸுக்கு, அது வேலை செய்யாதென்று பாங்கி கைவிரித்தது. தாமே கட்டியிருப்பதாகச் சொல்லவும் அவருக்கு வாய்ப்பூட்டு!

தருமபுரி ஜில்லாவில் கொத்தனார் மக்களுக்குக் குறைவா? பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் மாளிகைகளுக்குச் செங்கல் சுமப்போரில் நமது கிராமத்தார் எத்தனை பேர்! 2011 ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80. இந்த ஜில்லாவில் 68-க்குச் சற்று மேல், அதாவது மாகாணத்திலேயே கடைசி. அறிவு குறைந்ததால் வந்த நிலையன்று இது. மாலை வகுப்பு கிட்டாத நிலை.

2013-ல் செட்டிக்கரையில் சர்க்கார் இஞ்சினீயரிங் கலாசாலை ஏற்பட்டதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் பகலில் வேலைக்குச் செல்லும் வாலிபனுக்கு அதனால் என்ன பயன்? அதன் ஆய்வுக்கூடங்களை மாலை ஆறு மணிக்கு மேல் அவனுக்கும் திறந்துவிட வேண்டும். மின்னணுத் தொழிலையும் கணித யந்திரங்களின் அமைப்பையும் தமிழிலேயே போதிக்க வேண்டும். பழைய யந்திரங்களைப் பிரித்துப் பூட்ட அனுமதிக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டு என்று வாசலில் நிறுத்தலாகாது. பணமில்லை என்று சர்க்கார் சொல்லக் கூடும். கட்டிடமும் கருவிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. வேண்டியது சில உபாத்தியாயர்களின் சம்பளமும் விளக்குச் செலவுமே. வருகிற கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குமாறு சர்க்காரைக் கேட்டுக் கொள்ளுகிறோம். மொரப்பூர், அரூர், பென்னாகரம் பக்கத்து வாலிபர்கள் இரவில் வீடு திரும்ப ஒரு பஸ்ஸும் விட வேண்டும்.