மோதிரம் யார் கையில்?

வத்தலக்குண்டில் நமது தோழர்களுக்குள் ஒரு சினிமாப் படத்தின் காரணமாக இரண்டு கட்சிகள் ஏற்பட்டு, இரு திறத்தாரும் நமது அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வாசகசாலையில் அப்படத்தைப் பற்றி ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டுமென்பது வாலிபத் தோழர்களின் எண்ணம். “பேய்ப் படத்துக்கு நம்மிடத்தில் மேடையா?” என்பது பெரியவர்களின் ஆட்சேபணை. இது சிறு விஷயம்போல் தோன்றினாலும், ஒரு கதையை எப்படிப் பார்ப்பது என்கின்ற பெரிய விஷயம் இதில் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

படத்தின் பெயர் “பிரமயுகம்”. ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படம். 2024-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி வெளிவந்தது. வர்ணம் பூசி மயக்கும் இந்தக் காலத்தில் முழுவதையும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்திருக்கிறார்கள். கதை 17-ஆம் நூற்றாண்டு மலையாள நாட்டில் நடக்கிறது. தேவன் என்கின்ற பாணர் ஜாதிப் பாட்டுக்காரன் ஒருவன் அடிமை வாழ்வுக்குத் தப்பி ஓடி, காட்டு நடுவில் பாழடைந்த ஒரு மனைக்கு வந்து சேருகிறான். அங்கே கொடுமன் போற்றி என்கின்ற பார்ப்பனப் பிரபுவும் ஒரு சமையற்காரனும் தவிர வேறு மனிதர் இல்லை. பிரபு அன்போடு அழைத்துச் சோறு போடுகிறார், பாட்டுக் கேட்கிறார், பிறகு பகடை ஆடக் கூப்பிடுகிறார். பந்தயம் பொன்னல்ல, பொருளல்ல, தேவனுடைய காலம். அவன் தோற்கிறான். அதோடு வாசல் அடைபட்டுப் போகிறது.

நிற்க. இதைப் பார்த்தவர்களில் சிலர், “இப்படி ஒரு படம் கண்டதில்லை, இரண்டு நாள் தூக்கமில்லை” என்று புகழ்கிறார்கள். வேறு சிலர், “ஆமை நகர்வதுபோல் நகர்கிறது, மூன்று பேர் முகத்தையே எத்தனை நேரம் பார்ப்பது? முடிவிலாவது மனத்துக்கு ஆறுதல் உண்டா?” என்று கைவிரிக்கிறார்கள். நமது பெரியவர்களோ, “சாத்தான், யட்சி, மந்திரம் எல்லாம் உண்மை என்று காட்டுகிற படம் ஜனங்களின் மூடத்தனத்துக்கு உரம் போடுவதாகும்” என்கிறார்கள். பிரபுவாக நடித்த மம்மூட்டிக்கு 2024-ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் என்று கேரள அரசாங்கம் பரிசு கொடுத்திருக்கிறதே என்றால், பரிசு கொடுத்துவிட்டால் பேய் மெய்யாகிவிடுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே.

இன்னொரு ஆட்சேபணை நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. முதலில் அந்தப் பிரபுவுக்கு வைத்த பெயர் குஞ்சமன் போற்றி. கொட்டாரத்தில் சங்குண்ணி எழுதிய ஐதீகமாலையில் மந்திரவாதியாக வருகிற பெயர் அது. இப்பெயரால் தங்கள் குடும்பத்துக்கு இழுக்கு ஏற்படுமென்று ஓர் இல்லத்தார் கேரள ஹைகோர்ட்டுக்குப் போகவே, படக்காரர் பெயரை மாற்றிவிட்டார்கள். மானம் என்பது எல்லோருக்கும் உண்டு. இதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாம் கேட்பது ஒன்றுதான். கதைகளிலும் பழமொழிகளிலும் நாள்தோறும் இழிவாகப் பேசப்படுகிற ஜாதியார் எத்தனை பேர்? அவர்களுக்காக எந்தப் பெயர் மாறிற்று?

இனி பெரியவர்களின் ஆட்சேபணைக்கு வருவோம். படம் சாத்தானை மெய்யென்றே காட்டுகிறது; அது பொய்யென்று ஓரிடத்திலும் வெளுத்துக் காட்டவில்லை. இது குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பேய் வருகிறது என்பதற்காகவே ஒரு கதையைத் தள்ளுவதானால், அந்தப் பேய் யாருடைய உருவத்தில் வருகிறது என்று பார்க்காமலே தள்ளிவிடுகிறோம். சோற்றைப் போட்டு, பிறகு கணக்கைக் காட்டி, ஆயுள் முழுவதையும் எழுதி வாங்கிக்கொள்ளுகிற வித்தை சாத்தானுக்கு மட்டுமா தெரியும்? முன்பணம் கொடுத்து மூன்று தலைமுறையைப் பண்ணையில் கட்டிப்போட்ட மிராசுதாரன் ஆடினதும் இதே பகடைதானே! கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்ததே, அது எந்தப் பேயை ஓட்டுவதற்கு?

மலையாள நாட்டில் இதற்கு நேரான சங்கதி ஒன்று உண்டு. 1924-ஆம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி வைக்கத்தில் சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. கோவிலுக்குள் போகக் கூட அல்ல, கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு! பெரியார் அங்கே போய் இரண்டு தடவை சிறை புகுந்தார். அந்தத் தெருவைக் காவல் காத்தது எது? தீட்டு என்கின்ற பயம். தீட்டைக் கண்ணால் கண்டவனும் இல்லை. சாத்தானைக் கண்ணால் கண்டவனும் இல்லை. ஆனால் இரண்டின் பெயராலும் அடிபட்டவன் முதுகை உலகமெல்லாம் கண்டிருக்கிறது. சரியாக நூறு வருஷம் கழித்து அதே நாட்டிலிருந்து இப்படி ஒரு படம் வருவதை நாம் அலட்சியம் செய்யலாமா?

படத்தில் ஆறுதல் இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரபுவின் உருவத்தில் இருப்பது பிரபுவே அல்ல, அவனை விழுங்கிய சாத்தான் என்று பிறகு தெரிகிறது. அதன் வலிமை ஒரு மோதிரத்தில் இருக்கிறது. அந்த மோதிரம் அகப்பட்டவுடன், அதுவரை சேர்ந்து போராடிய சமையற்காரனும் தேவனும் அதற்காகவே ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளுகிறார்கள். முடிவில் சாத்தான் தேவனுடைய உருவத்தையே எடுத்துக்கொள்ளுகிறது. சமையற்காரன் பறங்கிச் சிப்பாயின் துப்பாக்கிக்கு இரையாகிறான். பார்க்க மனம் கசக்கிறது, உண்மைதான். ஆனால் கசப்பை ஊட்டியது படமா, நமது நடப்பா? மேலே இருப்பவனிடம் உதை வாங்கியவன், தனக்குக் கீழே ஒருவன் கிடைத்தால் அதே காலால் உதைப்பதை நாம் எந்த ஊரில் காணவில்லை? பார்ப்பானைத் திட்டிவிட்டுத் தன் தெருவுக்குள் தாழ்த்தப்பட்டவன் செருப்போடு வரக்கூடாது என்பவன் கையில் இருப்பது எந்த மோதிரம்?

பேய்ப் பயம் படத்தோடு முடிந்துவிட்டால் கவலையில்லை. 2022 அக்டோபரில் பத்தனம்திட்டை ஜில்லா எலந்தூரில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டது வெளிவந்தது. செல்வம் பெருக நரபலி கொடுத்ததாகப் போலீசார் மூவரைக் கைது செய்து வழக்குப் போட்டார்கள். செத்த இருவரும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்த ஏழைகள். அவர்களில் ஒருத்தி தர்மபுரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண். படிப்பில் முதலிடம் என்று பேரெடுத்த நாட்டில்தான் இது! அங்கே கத்தியைப் பிடித்தது சாத்தானல்ல. சாத்தானை நம்பிய மனிதன் என்பதே வழக்கு. இந்தப் படத்தைப் பார்த்து நடுங்குகிறவர்கள் இதை நினைத்து நடுங்கட்டும்.

ஆகவே வத்தலக்குண்டுத் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது என்னவென்றால், கூட்டத்தைத் தாராளமாகப் போடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இப்படம் ஆகாது, அவர்களை விட்டுவிடுங்கள். பெரியவர்களையே முதலில் பேசச் சொல்லுங்கள். பேய் பொய் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? பிறகு வாலிபர்கள் எழுந்து, பேய் பொய்யானால் பேயின் பெயரால் சாப்பிட்டவன் யார், பட்டினி கிடந்தவன் யார் என்று கேட்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பகுத்தறிவு முழுமையாகும். கட்சி இரண்டாகப் பிரிந்ததில் நமக்கு வருத்தமில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்போம்.

ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் தம் தம் விரலை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். மனைவியிடத்தில், வேலையாளிடத்தில், பக்கத்துச் சேரியாரிடத்தில் காட்டுகிற மோதிரம் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை அடுத்தவனுக்குப் போட்டுவிடுவது விடுதலையல்ல. உலையில் போட்டு உருக்குவதே விடுதலை.