24 வோல்ட் மேல பழி போடும் அண்ணாச்சிகளுக்கு

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன். வண்டி மேட்டர்ல ஆர்வம் இல்லாதவங்களும் கடைசி வரைக்கும் வாங்க. பொட்டி தட்டிப் பொழைக்கிற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

என்கிட்ட இருக்கிறது ஒரு எம்1008. தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 1980களில் அமெரிக்க ராணுவம் சில்லறை வேலைகளுக்குப் புதுசா ஒரு வண்டியை வடிவமைக்காமல், செவர்லே சந்தையில் விற்ற பிக்கப்பையே எடுத்து, சில பாகங்களை மாற்றிப் பச்சை பெயின்ட் அடித்து ஓட்டியது. எல்லா வகையும் சேர்த்து சுமார் 70,000 வண்டிகள். 6.2 லிட்டர் வி8 டீசல், டர்போ கிடையாது, மூணே கியர் ஆட்டோமேட்டிக், முழுக்க மெக்கானிக்கல் டீசல் பம்ப். என்னோடது 1985 மாடல். வயசுல எனக்கு சித்தப்பா முறை.

ராணுவம் கழிச்சுக் கட்டின இந்த வண்டியை இங்கே அமெரிக்காவில் ஆசையா வாங்குறவங்க நிறைய. வாங்கின முதல் வாரக் கடைசியில் அவங்க செய்யுறதைப் பார்த்தாத்தான் எனக்கு வயிறு எரியுது. மேனுவலைத் திறக்கிறதுக்கு முன்னாடி வயர் கட்டரை எடுத்துடுறாங்க. முதல் பலி, 24 வோல்ட்.

இந்த வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இணைஞ்சிருக்கும். ஆல்டர்னேட்டரும் இரண்டு. விளக்கு, வைப்பர் எல்லாம் 12 வோல்ட்ல ஓடும். ஸ்டார்ட்டருக்கும் ராணுவ ரேடியோவுக்கும் மட்டும் 24. ஏன்? நேட்டோ படைகளின் வண்டிகளுக்கு அதுதான் பொது மின்னழுத்தம். முன்பக்க கிரில்லில் ஒரு சாக்கெட் இருக்கும். பேட்டரி செத்தால் பக்கத்துல நிக்கிற ராணுவ லாரியிலிருந்து கேபிள் இழுத்து ஸ்டார்ட் பண்ணிக்கலாம். காரணத்தோட செய்த வேலை.

"அதெல்லாம் பைத்தியக்காரத்தனம்பா, எப்பப் பாரு ஏதாவது புகையும்" என்பது இங்கே வேதவாக்கு. எங்கே புகையும் தெரியுமா? இரண்டாவது ஆல்டர்னேட்டரின் எர்த் அதன் உடம்போட சேராமல் தனியா இருக்கணும். இது தெரியாம கடையில் கிடைச்ச சாதா ஆல்டர்னேட்டரை மாட்டினா புகையாம என்ன செய்யும்? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

அதுக்காக ராணுவம் செஞ்சதெல்லாம் தேவரகசியம்னு நான் சொல்லலை. குளிர்ல டீசலைப் பத்த வைக்க உதவும் க்ளோ ப்ளக் விஷயத்தைப் பாருங்க. எட்டு ப்ளக்கும் இணையாக இருக்கும். 24 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியா இறக்கி, ஏறக்குறைய 12 ஆக்கிக் கொடுத்தாங்க. ஒரு ப்ளக் செத்தா என்ன ஆகும்? மொத்தக் கரன்ட் குறையும். ரெசிஸ்டரில் இறங்கும் வோல்ட்டேஜும் குறையும். மிச்சம் ஏழுக்கும் கூடுதல் வோல்ட்டேஜ். அப்புறம் அடுத்தது சாகும், அதுக்கடுத்தது இன்னும் சீக்கிரம். ஓம்ஸ் விதி போதும், இதைப் புரிஞ்சுக்க. சில பழைய ரக ப்ளக்குகள் முனை வீங்கி, கழட்டும்போது உள்ளேயே முறிஞ்சு விழும். ஆகவே ரெசிஸ்டரைத் தாண்டி ப்ளக்குகளுக்கு நேரா 12 வோல்ட் கொடுக்கிறதும், வீங்காத ரகம் போடுறதும் அருமையான மாற்றங்கள். என் வண்டியிலும் செஞ்சிருக்கேன். குறை என்னன்னு தெரியும், ஏன்னு தெரியும், அதுக்கு மட்டும் மருந்து. இதுக்குப் பேர்தான் மாடிஃபிகேஷன்.

இப்ப எதிர் உதாரணம். காலையில் வண்டி சீக்கிரம் ஸ்டார்ட் ஆகலை. ரொம்ப நேரம் ஸ்டார்ட்டர் சுத்தணும். நான் கூட்டிட்டுப் போன ஒரு கடையில், பானெட்டைத் திறந்து பத்து நிமிஷம் பார்த்துட்டு, "இந்த எஞ்சின் வேஸ்ட் சார், பெட்ரோல் வி8 போட்டுடலாம்" என்று பல ஆயிரம் டாலருக்கு எஸ்டிமேட் நீட்டினாங்க. வீட்டுக்கு வந்து மேனுவலைப் பிரிச்சேன். இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் சின்ன ரப்பர் குழாய்கள் காய்ஞ்சு வெடிச்சிருந்தன. அது வழியா காற்று புகுந்து, ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிடும். சில டாலர் ரப்பர், ஒரு சனிக்கிழமை மதியம், மேட்டர் ஓவர். மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தச் சொன்னாங்க.

அடுத்தது லிஃப்ட் கிட், ராட்சச டயர் பார்ட்டி. இந்த வண்டியின் ஆக்சில் விகிதம் 4.56. ஓவர்டிரைவ் கிடையாது. ஒரிஜினல் அளவு டயரில் 65 மைல் வேகத்துக்கே எஞ்சின் 3,100 சுத்துக்கு மேல கதறும். இது சுமை இழுக்கப் பிறந்தது, பறக்க இல்லை. பெரிய டயர் போட்டா சுத்து குறையும், சரி. கூடவே பிரேக்கின் வேலை கூடும். பிரேக்குக்குத் துணைபோகும் ஹைட்ரோபூஸ்ட், பவர் ஸ்டியரிங் பம்ப்பின் அழுத்தத்தில் ஓடுறது. அதாவது ஸ்டியரிங் பெல்ட் அறுந்தால் சில மிதியோட பிரேக்கும் கல்லாயிடும். 44 அங்குல டயர் போட்ட எத்தனை வீரர்கள் அந்த ஹோஸைக் கையால தடவிப் பார்த்திருப்பாங்க? எதிரே வர்றவனும் மனுஷன்தானே?

"என் வண்டி, என் காசு, நான் என்ன மியூசியமா நடத்துறேன்?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. உங்களுக்கு அப்புறம் ஒருத்தன் அதை ஓட்டுவானே, அவன் பாவம் இல்லையா? என் வண்டியை எனக்கு முன்னாடி வச்சிருந்த புண்ணியவான் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரிஜினல் வயரிங்கை வெட்டி, புது வயர் இழுத்திருந்தார். எல்லாமே ஒரே சிவப்பு. ஃபியூஸ் இல்லை, படம் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. ஒரு இடத்தில் உறை உருகி, கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் ஒட்டியிருந்துச்சு. நெடுஞ்சாலையில் பத்தியிருந்தா? ஒவ்வொரு வயரா தடம் பிடிச்சுச் சரிபண்ண எனக்கு மூணு மாசம் ஆச்சு.

பொட்டி தட்டுறவங்களுக்கு இந்த வாசனை தெரிஞ்சிருக்குமே! "பழைய கோடு குப்பை, தூக்கிப் போட்டுத் திரும்ப எழுதலாம்" என்று சொல்றவன் பெரும்பாலும் அதைப் படிக்காதவன். படிச்சவன் எங்கே ஓட்டைன்னு சொல்வான். எழுதிட்டு டாக்குமென்ட் போடாமல் அடுத்த கம்பெனிக்கு ஓடுறவனும், சிவப்பு வயர் மாமாவும் ஒரே சாதி.

அந்த ராணுவத்துக்கு ஒண்ணு தெரிஞ்சிருந்தது. ஓட்டப்போறது 19 வயசுப் பையன், அவனுக்குப் பொறுமை இருக்காது. அதனால வண்டி எடுக்கும் முன், ஓட்டும்போது, நிறுத்திய பின் என்னென்ன பார்க்கணும்னு மேனுவலில் பட்டியலே போட்டுக் கொடுத்தாங்க. பராமரிப்பைச் சொல்லித்தரப் படக்கதைப் பத்திரிகையே நடத்தினாங்க. 1951ல் தொடங்கிய அந்த 'பி.எஸ்.' இதழுக்கு, முதல் இருபது வருஷம் படம் போட்டவர் வில் ஐஸ்னர், அமெரிக்க காமிக்ஸ் உலகின் பெருந்தலை. ஆயில் பார்க்கச் சொல்ல அவ்வளவு பெரிய கலைஞன் தேவைப்பட்டிருக்கார்னா, பராமரிப்பு எவ்வளவு கஷ்டமான உபதேசம்னு யோசிங்க.

என் கட்சி இதுதான். முதல் ஆறு மாசம் கத்திரி தொடாதீங்க. ஆயில் மாத்துங்க, ரப்பர் குழாய் மாத்துங்க. க்ராங்க் முனையில் இருக்கும் ஹார்மோனிக் பேலன்சரின் ரப்பர் வெடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அது கெட்டால் க்ராங்க்கே முறியலாம். வண்டி தன் குறையைத் தானே சொல்லும். அப்புறம் அந்தக் குறைக்கு மட்டும் கை வைங்க. வச்சதை ஒரு தாளில் படம் வரைஞ்சு, க்ளவ் பாக்ஸில் போடுங்க.

இதெல்லாம் முடியாதுன்னா புது வண்டி வாங்கிக்குங்க. சித்தப்பாவை விட்டுடுங்க.

டிஸ்கி: பெரிய டயர் நண்பர்கள் பின்னூட்டத்தில் கும்மலாம். ஹைட்ரோபூஸ்ட் ஹோஸ் கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு முதல் வரியில் எழுதிட்டுத் தொடங்கவும் :-)