தள்ளாடும் கம்பனியில் பயிற்சி

கஹவத்தை வர்த்தகர் ஒருவர் கேட்டார்: “நானா, மகன் கணக்குப் பயிற்சிக்குப் போன கொழும்புக் கம்பனி ஆட்டங்காணுது. திருப்பி எடுப்போமா?”

வேண்டாமென்றேன். இலாபத்தில் ஓடும் இடத்தில் பயிலுனருக்குப் பதிவு வேலைதான் மிஞ்சும். காசு தட்டுப்படும் இடத்தில்தான் வியாபாரத்தின் உயிர்நாடி தெரியும். யார் எத்தனை நாள் கடன் வைத்திருக்கிறார், எந்தக் காசோலை எப்போது வங்கிக்கு வரும், எந்தச் சரக்கு தேங்கியுள்ளது? இம்மூன்றையும் தினமும் குறித்துப் பழகட்டும்.

ஆனால் நட்டம் வேறு, மறைப்பு வேறு. 2008இல் வீழ்ந்த கோல்டன் கீ நிறுவனம், மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரமின்றியே மக்களிடம் வைப்புப் பணம் பெற்றது. பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் அன்றே வெளியேற வேண்டும்.

சகோதரர்களே, மாதக் கொழுந்துக் காசை நம்பிக் கடன் கொடுக்கும் நமது கடைகளுக்கும் இதே நோய் உண்டு. பயிற்சி முடிந்து வரும் மகனிடம் முதலில் கடன் கொப்பியைக் கொடுங்கள்.