திரைக்கு அப்பால் ஓர் ஆசிரியர்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் முக்கியச் சாலை ஒன்று துர்காபாய் தேஷ்முக்கின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் 1937-ஆம் ஆண்டு தொடங்கிய ஆந்திர மகிளா சபா இன்றும் அச்சாலையில் இயங்கி வருகிறது. இளவயதுத் திருமணத்தாலும் வறுமையாலும் படிப்பு இடையில் நின்றுபோன பெண்களை, காசி இந்து பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தியது சபாவின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் காசியில், கற்பவர்கள் சென்னையில். அந்தத் தொலைவை இட்டு நிரப்பியவை இரண்டு: எப்படியேனும் தேர்ச்சி பெற்றுச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற பெண்களின் உறுதி, அவர்களுக்கு அருகிலிருந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள்.

இணையவழிக் கல்வி பற்றிய இன்றைய விவாதத்தில் இவ்விரண்டும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. முறையான அனுமதி பெற்ற நிறுவனங்கள் வழங்கும் இணையவழிப் பட்டங்கள், நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியது. ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதம் வரை 'சுயம்' தளத்தின் வழியே படிப்பதற்கு 2021-ஆம் ஆண்டின் விதி இடமளிக்கிறது. சட்டம் சமன்செய்துவிட்டது. கற்றல் சமமாகிவிட்டதா? இக்கேள்வி எழும்போதெல்லாம் நாம் கைப்பேசி, அலைக்கற்றை, இணைய வேகம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறோம். அவை தேவையானவைதான், ஆனால், அவை பாடத்தைக் கொண்டுசேர்க்கும் வண்டி மட்டுமே.

ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்ஐடியும் இணையத்தில் வழங்கிய பாடங்களின் ஆறாண்டுத் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-இல் படித்து முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. ஆனால், சான்றிதழுக்கெனக் கட்டணம் செலுத்தியவர்களில் 46 சதவீதத்தினர் முடித்திருந்தனர். பாடமும் பேராசிரியரும் ஒன்றே. கற்பவரின் நோக்கம்தான் வேறு.

இதைக் கொண்டு, 'ஆர்வம் இருப்பவர் படித்துக்கொள்வார்' என்று முடிவு கட்டுவது எளிது; அது ஆபத்தானதும்கூட. கற்பித்தலின் பொறுப்பு முழுவதையும் கற்பவரின் தோள்மீது ஏற்றிவிடும் வாதம் அது. வசதியும் வழிகாட்டுதலும் உள்ளவர் தப்பிப்பார். முதல் தலைமுறை மாணவர் தோற்றுவிட்டுத் தம்மையே நொந்துகொள்வார்.

தமிழ்நாட்டின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீட்டுக்கே கொண்டுசென்றது. ஆனாலும், தொலைக்காட்சியால் 'புரிந்ததா?' என்று கேட்டுப் பதில் பெற முடியாது. மாநிலத்தின் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அபிஜித் சிங், மௌரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வு, கற்றல் இழப்பு பெரிதாக இருந்ததைக் காட்டியது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டதையும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்ததையும் அதே ஆய்வு கூறுகிறது. அத்திட்டத்தின் தன்னார்வலர்களிடம் பெரிய கருவிகள் இல்லை. மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை குழந்தைகளோடு அமர்ந்தார்கள். வராத குழந்தை யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த அருகாமையை இணையத்திலும் ஓரளவு உருவாக்கலாம். ராஜா அண்ணாமலைபுரத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே உள்ள சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் பட்டப் படிப்பு அதற்கு ஒரு சான்று. இதில் சேர ஜேஇஇ தேர்வு கட்டாயமில்லை. நான்கு வாரம் பாடம் படித்து, பயிற்சிகளைச் செய்து, தகுதித் தேர்வில் தேற வேண்டும். வாரந்தோறும் ஒப்படைக்க வேண்டிய பணிகள், ஐயம் தீர்க்கும் நேரலை வகுப்புகள், மையத்துக்குச் சென்று எழுதும் தேர்வுகள், இடையில் விலகினாலும் அதுவரை முடித்த நிலைக்கேற்ற சான்றிதழ் எனப் படிப்பு படிப்படியாக அமைக்கப்பட்டிருக்கிறது. மாணவரின் ஆர்வம் ஒருநாள் உற்சாகமாக எரிந்து அணைந்துவிடாமல் வாராந்திரப் பழக்கமாக மாறுவதற்கு இந்த அமைப்பு துணைசெய்கிறது.

ஆகவே, கற்பித்தலின் தரமும் கற்பவரின் ஊக்கமும் தனித்தனிக் காரணிகள் அல்ல. கேட்ட ஐயத்துக்கு மறுநாளே விடை வந்தால் மாணவர் அடுத்த பாடத்தைத் திறப்பார். மூன்று வாரம் மௌனமே பதிலானால் மூடிவிடுவார். ஊக்கம் மாணவர் கொண்டுவரும் விதை. அதற்கு நீர் ஊற்றுவது கற்பித்தல்.

இதிலிருந்து சில கடமைகள் எழுகின்றன. இணையவழிப் பட்டம் வழங்கும் ஒவ்வொரு நிறுவனமும், எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதோடு எத்தனை பேர் முடித்தனர் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை மணி நேரக் காணொலி உள்ளது என்பதைவிட, எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் பதிலளிக்கிறார் என்பதே தரத்தின் அளவுகோலாக வேண்டும். அந்தப் பணி ஆசிரியரின் பணிநேரத்தில் கணக்கிடப்பட வேண்டும். 'சுயம்' பாடங்களை ஏற்கும் கல்லூரிகள், அவற்றுக்கென வாரத்தில் ஒரு மணி நேரத்தையும் ஒரு வழிகாட்டியையும் ஒதுக்க வேண்டும்.

வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கும் இளைஞரும், குழந்தையை உறங்கவைத்த பின் பாடத்தைத் திறக்கும் தாயும் இணையவழிக் கல்வியைத் தங்கள் இரண்டாவது வாய்ப்பாக நம்பி வருகிறார்கள். அவர்களிடம் உறுதி இருக்கிறது. மறுமுனையில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் அரசும் பல்கலைக்கழகங்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.